பெட்ரோல் செலவில்லாத பவளப்பாறை

இதில் எவ்வளவு எனக்குச் சரியாக நினைவிருக்கிறது என்று எனக்கே உறுதியில்லை. மகள் யூலிகே முதலில் போன் செய்தது ஜனவரிக் கடைசியிலா, பிப்ரவரித் தொடக்கத்திலா என்பதை ஓபெத்தே என்னிடம் இரண்டு விதமாகவும் சொல்லியிருக்கிறார். அவர் படகுத்துறையின் கடைசிப் பலகையில் நின்று பேசினார் என்பது மட்டும் நிச்சயம். இந்தோனேசியாவின் கிழக்குக் கோடியில் இருக்கும் எங்கள் தீவில் வேறெங்கும் சிக்னல் கிடைக்காது.

"அப்பா, ஆபீஸ்ல நாங்க நாலு பேர் டைவிங் போகலாம்னு இருக்கோம். நம்ம ஊருக்கே வரலாம்னு நான்தான் சொன்னேன். ஆனா ஒரு மாசச் சம்பளத்துக்குள்ள எல்லாம் முடியணும். முடியுமா?"

"முடியும்" என்றார் ஓபெத். யோசிக்காமல் சொன்னார்.

மனைவி இறந்த வருடம், பதினொரு வயது யூலிகேயை ஜாவாவில், சுராபாயா நகரத்தில் இருந்த சித்தி வீட்டுக்குப் படிக்க அனுப்பியவர் அவர். இப்போது அவளுக்கு இருபத்தாறு. இடையில் இரண்டே முறை வந்தாள். கடைசியாக வந்து ஆறு வருடமாகிவிட்டது. எந்தெந்த நாட்டுக்காரர்களுக்கோ தண்ணீருக்கடியில் மூச்சுவிடக் கற்றுக்கொடுத்திருக்கிறார் ஓபெத். சொந்த மகளோடு ஒருமுறைகூடக் கீழே இறங்கியதில்லை. ஒரே ஒரு முறை இறங்கிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கு இருந்த ஆசை.

பழைய காலண்டரின் பின்பக்கத்தில் திட்டம் எழுதினார். விமானம் கட்டுப்படியாகாது. கப்பலில் கடைசி வகுப்பு, நாலு நாள் பயணம். சோரோங் துறைமுகத்திலிருந்து, சந்தை கூடும் ஊரான வைசாய்க்குப் படகு. வெள்ளிக்கிழமை வந்தால் சந்தைக்குப் போய்த் திரும்பும் படகிலேயே ஏற்றிக்கொண்டு வந்துவிடலாம். தங்குவதற்கு அவருடைய மூன்று குடிசைகள். காற்றடைத்த சிலிண்டர்களைப் பக்கத்துத் தீவில் கடனுக்கு வாங்கிக்கொள்ளலாம். இடித்தது பெட்ரோல் ஒன்றுதான். எந்தப் பவளப்பாறைக்குப் போனாலும் படகு என்ஜின் குடித்துத் தீர்த்துவிடும். குடிசைக்கு நேர் எதிரே உள்ள பாறைக்கு மட்டும் கரையிலிருந்தே நீந்திப் போகலாம். மொத்தத் திட்டமும் அந்தப் பாறையின் மேல் நின்றது.

ஆனால் அந்தப் பாறையில் மீன் வற்றிப்போயிருந்தது. ஈட்டி வைத்திருந்தவர்களெல்லாம் அங்கேதான் இறங்கினார்கள்.

அடுத்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஓபெத் எழுந்து நின்றார். சபையில் அதிகம் பேசாத மனிதர். எதிர்ப் பாறைக்குச் சாசி போட வேண்டும், யாரும் எதுவும் எடுக்காதபடி ஆண்டவர் பேரில் ஆறு மாதம் மூட வேண்டும் என்றார். "பிள்ளைங்களுக்கு நாலு மீனாவது மிஞ்சணும்."

அது உண்மைதான். முழு உண்மை இல்லை.

எல்லோரும் டோர்சியக்காவைப் பார்த்தார்கள். கடலட்டை பொறுக்கும் பெண்களுக்கு அவள்தான் தலைவி. அந்தப் பாறையை வைத்துத்தான் அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். தன் பெண்களை ஒருமுறை பார்த்துவிட்டு, "சரி, பொறுத்துக்கறோம்" என்றாள். போதகர் ஜெபம் செய்தார். தண்ணீரில் கம்பு நட்டுத் தென்னங்குருத்தைக் கட்டினார்கள். எங்கள் ஊர்ச் சாசியில் கை மட்டுமல்ல, தலையும் நனையக்கூடாது. பார்ப்பதற்கென்றும் யாரும் இறங்க முடியாது. பாதித் திறப்பு என்று ஒன்று கிடையாது. ஆகஸ்ட் முதல் ஞாயிறு திறப்பு. யூலிகே சொல்லியிருந்ததும் ஆகஸ்ட்தான்.

அந்த மாதங்களில் வந்த வெளியூர்க்காரர்களைத் தூரத்துப் பாறைகளுக்கு அழைத்துப் போனார். சாயங்காலங்களில் சாகோப் பனைமாவுக் களியும் மீன் குழம்புமாகத் தனியே சாப்பிட்டுவிட்டு, குடிசைகளுக்குக் கூரை மாற்றினார்.

"என்ன தம்பி, கல்யாண வீடு கெட்டது போ" என்றாள் டோர்சியக்கா, பாக்கை மென்றுகொண்டே. "வர்றவ மீனப் பாப்பாளா, உன் மூஞ்சியப் பாப்பாளா?"

"மீனத்தான் பாப்பா. தண்ணிக்குள்ள என் மூஞ்சியில பாதிய கண்ணாடி மறச்சிரும்க்கா."

"மீதிப் பாதிக்கும் ஏதாவது வாங்கி மாட்டு."

ஜூன் கடைசியில் யூலிகே மறுபடி பேசினாள். ஆகஸ்டில் லீவு தரமாட்டார்களாம், ஜூலை நடுவில் இரண்டு வாரம்தானாம். எட்டு நாள் கப்பலிலேயே போய்விடும். கரையில் நாலு நாள் கிடைக்கும்.

ஓபெத் போதகர் வீட்டுக்குப் போனார்.

"ஆண்டவர் பேர்ல மூடினது. ஆனா கேட்டது நீங்க" என்றார் போதகர். "அந்தப் பொம்பளைங்க சம்மதிச்சா மூணு வாரம் முன்னாடி தொறந்து ஜெபிச்சிரலாம். போய்க் கேளுங்க."

டோர்சியக்கா வீட்டு வாசலில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறக்குமுன் அவளே பேச ஆரம்பித்தாள்.

"போன வாரம் கடலட்ட வியாபாரி வந்திருந்தான் தம்பி. கொஞ்சம் முன்னாடியே தொறங்கன்னு ஒரே நச்சரிப்பு. போடான்னுட்டேன். இப்ப எடுத்தா எல்லாம் விரல் தண்டிதான் இருக்கும், பாதி வெலைக்கு அள்ளிட்டுப் போயிருவான். ஆகஸ்ட்டுக்கு நல்லாத் தேறிரும். எங்க பிள்ளைங்களுக்காக அன்னைக்கு எந்திரிச்சு நின்னது நீதான். நாங்க மறக்கல." பாக்கை அவர் பக்கம் நகர்த்தினாள். "ஆமா, நீ என்ன விஷயமா வந்த?"

"சும்மாதான்க்கா."

பாக்கை வாங்கி மென்றார். அவள் மீன் கழுவி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து படகுத்துறைக்கு நடந்தார்.

"யூலி, எதிர்ப் பாறை மூடியிருக்கும்மா. சாசி. ஆகஸ்ட்லதான் தொறப்பாங்க."

"அய்யோ. வேற பாறைக்குப் போலாமே?"

"போலாம். பெட்ரோல நான் போட்டுக்கறேன்."

"நாலு பேருக்கு நாலு நாளா? உங்களால எப்படிப்பா முடியும்?" யாரிடமோ ஏதோ கேட்டாள், பிறகு திரும்பினாள். "லொம்போக் பக்கம் ஒரு தீவு சொல்றாங்க. கிட்டக்க இருக்கு, செலவும் கம்மி. இவங்கல்லாம் டைவிங்குக்குத்தானேப்பா வர்றாங்க?"

"நீ மட்டுமாவது வாயேன்."

  

"டைவிங் இல்லேன்னா நாலு நாள் அங்க என்னப்பா செய்வேன்?"

பாறையை மூடச் சொன்னது யார், எதற்காக என்று சொல்ல அவருக்கு அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது.

"ஆமா" என்றார் ஓபெத். "அதுவும் சரிதான்."

ஆகஸ்ட் முதல் ஞாயிறு பாறை திறந்தது. கடலட்டை நல்ல விலைக்குப் போயிற்று. டோர்சியக்காவின் மகன் படிப்பை முடித்து, இப்போது சோரோங்கில் வேலையாக இருக்கிறான். போதகர் மாற்றலாகிப் பியாக் தீவுக்குப் போனார். யூலிகே லொம்போக் பக்கத்துத் தீவில் டைவிங் கற்றுக்கொண்டாள். கூட வந்தவர்களில் ஒருவனையே கல்யாணம் செய்துகொண்டு சுராபாயாவில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்கிறாள். தீவுக்கு இதுவரை வரவில்லை. ஓபெத்துக்கு ஒரு காது கெட்டுவிட்டதால் மூழ்குவதை விட்டுவிட்டார். வெளியூர்க்காரர்கள் கீழே இருக்கும்போது மேலே படகில் உட்கார்ந்திருக்கிறார்.