ஆளுக்குப் பாதி

அணை இருப்பது தென் அமெரிக்காவில். என் வயிறு எரிந்தது நாவலூரில்.

இரண்டு நாடுகள் சேர்ந்து ஓர் ஆற்றின் குறுக்கே கட்டிய பெரிய நீர்மின் அணை அது. மின்சாரம் ஆளுக்குப் பாதி. கட்டுப்பாட்டு அறையில்கூட நாட்டுக்கு ஒரு நாற்காலி. அதன் மதகுகளைத் திறந்து மூடும் மென்பொருளை எழுதியது சிறுசேரியில் எங்கள் அலுவலகம். சரியாகச் சொன்னால் நான். அதைச் சோதித்துத் தப்பு கண்டுபிடிப்பது என் மனைவி கவியாவின் வேலை. அணைக்கே போய் ஆறு மாதம் இருக்க ஒருவர் வேண்டும் என்றார்கள். அவள் பெயர் வந்தது. என் தப்பைப் பிடித்தே பேர் வாங்கியவள்.

கேக் வாங்கி வந்து சிரித்துக்கொண்டே ஊட்டிவிட்டேன். பொறாமைதான். அதற்கு நாகரிகமான வேறு பெயர் கிடையாது.

அவள் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சனிக்கிழமை அவள் கோவளத்துக்கு மீன் வாங்கப் போன நேரம் பார்த்து, விசாரணைக்கு ஏட்டு வந்தார்.

"கவியான்றது யாருப்பா? இந்த வூட்லதான கீறாங்க?"

ஆமா என்று ஒரு வார்த்தை போதும். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் நாக்கிலும் சனி உட்காரும்போல.

"இல்ல சார். அவங்க அம்மா வூட்ல கீறாங்க, செங்கல்பட்டுல. இங்க வர்றதே இல்ல."

எழுதிக்கொண்டு, தன் போன் நம்பரையும் கொடுத்துவிட்டுப் போனார்.

கவியா மீன் பையைக் கீழே வைக்காமலே பேசினாள். "மேனேஜர் ஒத்துக்கினாரு. மொதல் மூணு மாசம் நான், அப்பால நீ. ரெண்டு நாடே ஒரு அணைய பங்கு போட்டுக்கினு கீது. கொஞ்ச நாளா உன் மூஞ்சே சரியில்ல, அதான் கேட்டேன்."

அவள் எதிரிலேயே ஏட்டை அழைத்தேன்.

"சார், அவங்க இங்கதான் கீறாங்க. நான் தப்பா சொல்லிட்டேன்."

"பொண்டாட்டி எங்க கீறான்னு தப்பா சொல்லுவியா? போனை அந்தம்மாகிட்ட குடு."

கொடுத்தேன். காலையில் நான் சொன்னதையெல்லாம் அவர் சொல்ல, முழுக்கக் கேட்டாள். இங்கேதான் இருக்கிறேன் என்றாள். நன்றி சொல்லி வைத்தாள்.

"அவ்ளோ எரிச்சலா, ஆல்வின்?"

"ஆமா."

மீனைக் கழுவினாள், குழம்பு வைத்தாள், எனக்கும் ஊற்றினாள்.

திங்கட்கிழமை அவள் மேனேஜருக்கு எழுதிய மெயில் எனக்கும் வந்தது. இரண்டே வரி. ஆறு மாதமும் தானே இருப்பதாக எழுதியிருந்தாள்.