குடிக்காத ஈரல்

ஐம்பத்தொரு வயது வரையில் அடைக்கலராஜ் ஒரு சொட்டுச் சாராயம் நாக்கில் வைத்ததில்லை. விரதம், வைராக்கியம் என்று ஒன்றும் கிடையாது. அந்த வாடை அவருக்கு ஆகாது, அவ்வளவுதான். கிறிஸ்துமஸ் அன்று மச்சான் ஆண்டனி வீட்டில் ஆளுக்கொரு கிளாஸ் ஒயின் ஊற்றும்போது, "எனக்கு ஒரு கலர் சோடா இருந்தா குடுங்க" என்று கேட்டுக் கேலிக்கு ஆளானவர். அப்படிப்பட்ட மனிதரை அவருடைய ஈரலே ஊரறிந்த குடிகாரர் ஆக்கிவிட்டது.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் வாய்க்கால் பாசனத்தில் மூன்று ஏக்கர் நஞ்சை. மனைவி ஃபிளோரா அங்கன்வாடி டீச்சர். ஃபிளோராவின் அம்மா அமலோற்பவமும் இவர்களோடுதான். பிள்ளை இல்லாத வீடு. அதனால் புருஷனும் பெண்சாதியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் நாளை ஓட்ட வேண்டும்.

இரண்டு வருஷமாகவே அவருக்கு வயிறு சரியில்லை. சாப்பிட்டால் உப்பும், அடிக்கடி வெளியே போகும். ஆள் ஒல்லி, முகம் வெளுத்துப்போய் இருக்கும். சம்பா நடவு முடிந்த கையோடு தஞ்சாவூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள் ஃபிளோரா. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் காகிதத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"குடிப்பீங்களா?"

"இல்லீங்க."

"எப்பவாவது?"

"எப்பவுமே இல்லீங்க."

"ஒல்லியா இருக்கீங்க, சக்கரை இல்ல. ஈரல்ல கொழுப்பு இவ்வளவு இருக்கு. எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க." டாக்டர் சிரித்தார். "மொதல்ல அதை நிறுத்துங்க. அப்புறம் அரிசி. மூணு வேளையும் சப்பாத்தி. அரிசிதான் உங்க டெல்டாக்காரங்களுக்கு எமன்."

அந்தச் சிரிப்பு ஒன்று போதுமானதாக இருந்தது. ஃபிளோராவின் அப்பா குடித்துக் குடித்து ஈரல் வெந்து செத்தவர். கண் மஞ்சளாகி, வயிறு பானையாகி, அரசு ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தவரைப் பதினாறு வயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் அவள். ஈரல் என்ற சொல்லுக்கு அவளிடம் ஒரே அர்த்தம்தான் இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பூதலூர் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள். பிறகு திரும்பி, "எத்தனை வருஷமாங்க?" என்று மட்டும் கேட்டாள்.

டீக்கடைக்கு இதைவிட நல்ல விஷயம் கிடைக்குமா? "அடைக்கலத்துக்குக் கொழுப்புன்னு நமக்கு எப்பவோ தெரியும். டாக்டருக்கு இப்பத்தான் தெரிஞ்சிருக்கு" என்றான் மருதையன். எல்லோரும் சிரித்தார்கள். அடைக்கலராஜும் சேர்ந்து சிரித்துவைத்தார். ஊர் என்ன வேண்டுமானாலும் சொல்லிவிட்டுப் போகட்டும், ஃபிளோரா நம்பினால் போதும் என்பதுதான் அவருடைய நினைப்பு. அந்த ஒன்றுதான் நடக்கவில்லை.

சப்பாத்தி மட்டும் குறையில்லாமல் நடந்தது. ரேஷன் கோதுமையை மில்லில் கொடுத்து அரைத்து, விடியற்காலையில் எழுந்து, நாளுக்கு ஒன்பது சப்பாத்தி போட்டாள். பாசத்தில் போட்டாளா, தண்டனையாகப் போட்டாளா என்று அவருக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது. அவர் விதைத்து, அவர் களை எடுத்து, அவர் அறுத்த நெல் மூட்டை மூட்டையாக வீட்டுக்குள் அடுக்கியிருந்தது. அந்தச் சோற்றை மாமியார் ரசம் விட்டுப் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் கோதுமையை மென்றார். களை எடுக்க வந்த பெண்கள், "என்ன, நம்ம ஐயா வடநாட்டுக்காரரா மாறிட்டாரு" என்று வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ரத்தம் எடுத்தபோது ஈரல் கணக்கு கூடியிருந்தது. நாலு மாதத்தில் இரண்டு மடங்கு. அரிசியை விட்டாயிற்று, எண்ணெயை விட்டாயிற்று, இன்னும் ஏறுகிறது என்றால் என்ன அர்த்தம்? ஃபிளோரா அதற்குமேல் யாரையும் கேட்கவில்லை. வண்டிப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். வைக்கோல் போரைக் கிளறினாள். அவர் வயலிலிருந்து வந்தால் துண்டை வாங்கி முகர்ந்தாள். ஒருநாள் மோட்டார் கொட்டகையில் பம்ப்செட்டுக்குப் பின்னால் ஒரு குவார்ட்டர் பாட்டில் கிடைத்துவிட்டது. பூச்சிமருந்து அளந்து ஊற்றுவதற்காக அவர் வைத்திருந்த காலி பாட்டில். ஊரில் பாதிப் பேர் அதில்தான் மருந்து அளப்பார்கள். மூக்கில் வைத்தால் மருந்து வாடை ஆளைத் தூக்கும். ஆனால் அழுதுகொண்டிருப்பவளுக்கு வாடை எங்கே தெரியும்?

அன்றிலிருந்து அவள் பேச்சை நிறுத்தினாள். சப்பாத்தித் தட்டை வைக்கும் சத்தம் மட்டும்தான். ஒரு மாதம் போயிற்று. வயலில் தனியாக நிற்கும்போது அடைக்கலராஜ் மடையை அடைக்க மறந்துபோவார். இருபத்து நாலு வருஷம் சேர்ந்து வாழ்ந்தவளுக்குத் தன் வாயைவிட ஒரு காகிதம் பெரிதாகப் போய்விட்டதே என்று ஆற்றாமையாக இருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை பூண்டி மாதா கோவிலுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனாள். மாதா சுரூபத்துக்கு முன்னால் நிறுத்தினாள்.

"மாதா முன்னாடி ஒத்துக்கிடுங்க. நான் எதையும் மனசுல வச்சுக்க மாட்டேன். உண்மையை மட்டும் சொல்லிருங்க."

உண்மையைத்தான் ஐந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது விலைபோகவில்லை. அவளோ அழுது அழுது பாதி ஆளாகிவிட்டாள். இன்னும் எத்தனை நாள்தான் இந்த ஊமை வீட்டில் இருப்பது? அடைக்கலராஜ் மாதாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"குடிச்சேன். இனிமே தொட மாட்டேன்."

ஃபிளோரா அவர் கையைப் பிடித்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கை அவர் கையில் இருந்தது. திரும்பும்போது ஆட்டோவில் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வாழ்க்கையில் சொன்ன ஒரே பெரிய பொய்க்கு இவ்வளவு கூலியா என்று அவருக்கே வியப்பாக இருந்தது.

அடுத்த வாரம் அன்பியக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் கூடி ஜெபம் சொல்லும் கூட்டம் அது. "எங்க வீட்டுக்காரரை மாதா குடியிலேருந்து மீட்டுக் குடுத்துட்டா" என்று அவள் சொன்னபோது பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அடைக்கலராஜ் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு வீட்டுப் பெண்கள் தங்கள் புருஷன்மாரை விரலால் இடித்து, அவரைக் காட்டினார்கள்.

சப்பாத்தி நிற்கவில்லை. ஆவணி மாதத்தில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்தவர் மண்வெட்டியோடு சேற்றில் சாய்ந்துவிட்டார். ரத்தம் பாதி அளவுக்குத்தான் இருக்கிறது என்று திருச்சிக்கு அனுப்பினார்கள். அங்கே ஸ்ம்ருதி என்று ஒரு இளம் டாக்டர். வடக்கே படித்துவிட்டு வந்தவள். அவள்தான் முதன்முதலாக, குடிப்பீர்களா என்று கேட்பதற்கு முன்னால் என்ன சாப்பிடுவீர்கள் என்று கேட்டாள்.

"மூணு வேளையும் சப்பாத்திங்க."

"எத்தனை மாசமா?"

"பத்து மாசம் ஆச்சுங்க."

தனியாக ஒரு ரத்தப் பரிசோதனை எழுதினாள். குழாய் விட்டுக் குடலில் துளி சதை எடுத்துப் பார்த்தாள். நாலு நாள் கழித்து இருவரையும் உட்காரவைத்துச் சொன்னாள்.

"இதுக்கு சீலியாக்னு பேரு. கோதுமை உங்க உடம்புக்கு ஆகாது. குடலோட உள்பக்கம் எல்லாம் தேஞ்சு போயிருக்கு, அதனால சத்து ஒட்டல. முன்னாடி புரோட்டா, உப்புமான்னு கொஞ்சமாப் போச்சு, இப்ப மூணு வேளையும் போயிருக்கு. குடல் இப்படிக் கெட்டா சில பேருக்கு ஈரலையும் தாக்கும், கொழுப்பு சேரும். வடக்கே நான் நிறைய பாத்திருக்கேன். சோறு சாப்பிடற ஊர்ல யாருக்கும் இது ஞாபகத்துக்கே வராது. கோதுமை, மைதா, ரவை எதுவும் இனிமே கூடாது. கடைப் பெருங்காயத்துல மாவு கலந்திருக்கும், அதுவும் வேணாம். தாராளமா சோறு சாப்பிடுங்க."

அடைக்கலராஜுக்கு வாய்விட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது. மூன்று ஏக்கர் மருந்தை வீட்டுக்குள் அடுக்கிவைத்துக்கொண்டு பத்து மாதம் விஷத்தைத் தின்றிருக்கிறார். ஃபிளோரா நாற்காலியின் நுனிக்கு வந்தாள்.

"டாக்டர், குடிச்சாலும் ஈரல் இப்படி ஆகும்தானே?"

"ஆகும். இவர் இருக்கிற நிலைமைக்கு ஒரு சொட்டுகூடத் தொடக் கூடாது."

டாக்டர் பொதுவாகச் சொன்னாள். ஃபிளோராவின் காதில் விழுந்தது இது ஒன்றுதான்.

அன்று இரவே வீட்டில் அவருக்குச் சோறு. முதல் கவளத்தை வாயில் வைத்தபோது கண் கலங்கிவிட்டது. நாலு மாதத்தில் உடம்பு தேறியது, வேட்டி இடுப்பில் நின்றது. தை பிறந்ததும் திருச்சிக்குத் தனியாகவே போய் வந்தார். ஈரல் கணக்கு சரியான அளவுக்கு இறங்கியிருந்தது. கோதுமைக்கு உண்டான அந்த ரத்தப் பரிசோதனையில் மட்டும் கொஞ்சம் பாக்கி இருந்தது. "எங்கேயோ இன்னும் கோதுமை உள்ள போகுது, யோசிச்சுப் பாருங்க" என்றாள் டாக்டர். யோசித்தார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சாமியார் நாக்கில் வைக்கும் நற்கருணை அப்பம், ஊர்ச் சொல்லில் நன்மை, நினைவுக்கு வந்தது. சுத்தக் கோதுமை. "அதுவும் வேணாம்" என்றாள் டாக்டர்.

அதைப் பற்றி அவர் அப்போது கவலைப்படவில்லை. காகிதத்தைச் சட்டைப்பையில் வைத்துத் தடவிக்கொண்டே வந்தார். எந்தக் காகிதம் தன் பெயரைக் கெடுத்ததோ, அதே மாதிரி ஒரு காகிதம் அதைத் திருப்பித் தரப்போகிறது.

ஃபிளோரா முற்றத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். காகிதத்தை வாங்கிப் படித்தாள். முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா? விட்டீங்க, ஈரல் சரியாயிருச்சு. மாதா கைவிடல."

"ஃபிளோரா, நான் விட்டது கோதுமையை. சாராயத்தைத் தொட்டாத்தானே விடறதுக்கு?"

"அப்ப மாதா முன்னாடி நின்னு சொன்னது?"

"நீ பேசாம இருந்தே. பேசணும்னு சொன்னேன்."

அவள் கையில் இருந்த சேலை பாதி மடிப்பில் நின்றது. அவருக்குள் நம்பிக்கை எட்டிப் பார்த்தது. இதோ அழப்போகிறாள், உங்களை நம்பாமல் போனேனே என்று சொல்லப்போகிறாள்.

"குடிச்சவரைக்கூட மன்னிச்சேன்" என்றாள் மெதுவாக. "மாதா முன்னாடி பொய் சொன்னவரை நான் என்ன செய்யறது?"

"ஃபிளோரா..."

"ஊர்ச் சனத்துக்கு முன்னாடி நின்னு சாட்சி சொல்லியிருக்கேன். என் பேச்சைக் கேட்டு ரெண்டு பேர் குடியை விட்டிருக்காங்க. அதெல்லாம் பொய்யின்னு போய்ச் சொல்லவா? என்னைப் பொய்க்காரி ஆக்காதீங்க. நீங்க குடிச்சீங்க, விட்டுட்டீங்க. அது அப்படியே இருக்கட்டும்."

தான் குடித்ததில்லை என்பதை அவள் நம்பிவிட்டாள் என்று அந்த நிமிஷத்தில் அவருக்குப் புரிந்தது. நம்பியதால்தான் இப்படிப் பேசுகிறாள். அடைக்கலராஜுக்குக் கோபம் வந்தது, அவமானமாக இருந்தது, கடைசியில் அவள்மேல் இரக்கமும் வந்து தொலைத்தது. "சரி, குடிச்சேன்னே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார்.

சனிக்கிழமை மாலை பங்குச் சாமியாரைப் பார்த்து டாக்டர் சீட்டைக் காட்டினார். சாமியார் நல்ல மனிதர். பிஷப் இருக்கும் ஆயர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்பம் கோதுமையிலதான் இருக்கணும், அதை மாத்த முடியாது. ஆனா கிண்ணத்துல இருக்கிற திராட்சை ரசத்தை, அதான் ஒயினை, மட்டும் வாங்கினாலும் முழு நன்மைதான். நாளைக்கு வரிசையில கடைசியா வாங்க, சின்னக் கிண்ணத்துல தனியா தர்றேன்." அடைக்கலராஜ் வீட்டுக்கு வந்து இதை அப்படியே ஃபிளோராவிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டே கேட்டுக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு முன்னால், சாமியார் அங்கியோடு அவர் உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கே வந்து குனிந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அடைக்கலம். ஃபிளோரா இப்பத்தான் வந்து சொன்னாங்க. விட்டவங்களுக்கு மறுபடியும் அந்த ருசியைக் காட்டிரக் கூடாதுன்னு பயப்படறாங்க. நான்தான் யோசிக்காம சொல்லிட்டேன். ஊர்லயும் நாலு விதமாப் பேசுவாங்க. கொஞ்ச நாள் போகட்டுமே."

அடைக்கலராஜ் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தார். ஃபிளோரா முக்காடு போட்டுக்கொண்டு ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள். அவர் குடித்ததில்லை என்று உலகத்தில் தெரிந்த ஒரே ஆள் அவள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் சாமியார் கிண்ணத்தைத் தந்துவிடுவார். அந்த வார்த்தை அவளைப் பொய்க்காரி ஆக்கிவிடும். "சரிங்க ஃபாதர்" என்றார்.

நன்மை வாங்கும் நேரம் வந்தது. கோவிலே எழுந்து வரிசையில் போயிற்று. நன்மை வாங்காமல் உட்கார்ந்திருப்பவர் ஏதோ பாவத்தில் இருக்கிறார் என்று எல்லோருக்கும் அர்த்தமாகும். ஆண்டனி அவர் முழங்காலைத் தாண்டிப் போகும்போது ஒரு பார்வை பார்த்தான். மருதையன் பெண்சாதி தன் புருஷனிடம் ஏதோ கிசுகிசுத்தாள். அடைக்கலராஜ் பீடத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

மாமியார் அமலோற்பவம் நன்மை வாங்கிக்கொண்டு தடியை ஊன்றித் திரும்பி வந்தாள். அவர் பெஞ்சு வந்ததும் நின்றாள். வாயில் இருந்த அப்பத்தை மெல்ல விழுங்கிவிட்டு, அவர் காதருகே குனிந்து கேட்டாள்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டீங்களா, மாப்பிள்ளை?"