உபதேசியார் வீட்டுக் கருவாடு

கடலூர் முதுநகரில் சவரிமேரி விற்கும் கருவாடு ஒவ்வோர் ஈஸ்டர் காலையிலும் உயிர்த்தெழுந்துவிடும். அதனால் அவளுக்கு நஷ்டம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்கக் கோயில் பங்கு மக்கள் மீனைத் தொடுவதில்லை, சரக்கு தேங்கும். தேங்கிய சரக்கு ஈஸ்டர் இரவின் பாஸ்கா பூசை முடிந்து விடியும்போது கூடைக்குள் துள்ளும். முதல் வருஷம் நெத்திலி எழுந்தது. சரியாகக் காயவில்லை என்று நினைத்து மறுபடியும் வெயிலில் போட்டாள். அது வாசலைத் தாண்டிச் சாக்கடையில் குதித்து, உப்பனாற்றுப் பக்கம் போய்விட்டது. அடுத்த வருஷம் சுறாத் துண்டுகள் எழுந்தன. துண்டுகள் என்பதால் ஒன்றையொன்று தேடிச் சேரக் கொஞ்ச நேரம் பிடித்தது. பங்குச்சாமியார் வந்து பார்த்தார், தீர்த்தம் தெளித்தார், மேலிடத்து ஆயருக்குச் சொல்ல வேண்டாம் என்றார். பக்கத்துக் கடை லோகநாயகிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எங்கிட்ட இருக்குறதெல்லாம் ஒழுங்கா செத்துக் கெடக்குது. நீ என்னாத்தடி தடவுற?"

"உப்புதான்க்கா. வேற என்னா?"

சவரிமேரியின் கணவர் அடைக்கலராஜ் அந்தப் பங்கின் உபதேசியார். சாவு வீட்டுக்குச் சாமியாருக்கு முன்பே போய் நின்று செபம் சொல்பவர். மரணம் வெறும் கதவு, அந்தப் பக்கம் ஒரே வெளிச்சம் என்று ஆரம்பித்தால் லேசில் முடிக்கமாட்டார். அழுதவர்கள் களைத்துப்போய் அழுகையை நிறுத்துவார்கள். அவருக்கே இதய வால்வு கெட்டுப்போனது. சிதம்பரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் வெண்மதி, நெஞ்செலும்பைப் பிளந்து வால்வை மாற்ற வேண்டும், அதுவரை இதயத்தை நிறுத்தி வைப்போம், தள்ளிப்போட்டால் அடுத்த வருஷக் கிறிஸ்துமஸ் பார்ப்பது சந்தேகம் என்றார். அடைக்கலராஜ் முதலில் மழை முடியட்டும் என்றார். பிறகு பொங்கல் போகட்டும் என்றார். அதற்குப் பிறகு, தவக்காலத்தில் உடம்பில் கத்தி படக்கூடாது என்று திருச்சபையில் இல்லாத சட்டம் ஒன்றைச் சொன்னார். அதற்குள் கோயில் படி ஏறும்போதே உதடு நீலம் பாய்ந்து உட்கார்ந்துவிட ஆரம்பித்திருந்தார்.

"ஊருக்கெல்லாம் உயிர்த்தெழுதலச் சொல்ற. உனக்குன்னா சிதம்பரம் பஸ்ஸு ஏற மாட்டேங்குற. என்னா உபதேசியாரே?"

"உயிர்த்தெழுறதுல எனக்கு முழு நம்பிக்க இருக்குது மேரி. அதுக்கு முன்னாடி ஒருதடவ சாவணும் பாரு, அதுலதான் இல்ல."

அந்த ஈஸ்டரில் கூடையில் மிஞ்சியது ஒரே ஒரு கட்டா மீன் கருவாடு. முதுகோடு பிளந்து, குடலும் செவுளும் எடுத்து, விரித்து உப்பு அடைத்து, மாசி வெயிலில் பலகைபோல் காய்ந்தது. அதுவரை இதையெல்லாம் பெண்டாட்டியின் வியாபாரம் என்று விட்டிருந்த அடைக்கலராஜ், பூசை முடிந்து வந்த களைப்பில் அதன் எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார். விடிந்ததும் மீனின் இரண்டு பாதியும் மெல்ல மூடிக்கொண்டன. உப்பு உதிர்ந்தது. இல்லாத செவுள் ஏறி இறங்கியது. பிளந்த கோடு மட்டும் மறையவில்லை. தடித்து, வெளுத்து, தலையிலிருந்து வால்வரை அப்படியே இருந்தது. ஆண்டவரும் காயத்தோடுதான் எழுந்தார் என்பதை அவர் ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். இப்போதுதான் அது அவர் காதில் விழுந்தது.

"ரொம்ப வலிச்சுதா?" என்று மீனிடம் கேட்டார். மீன் பேசவில்லை, மீன்கள் பேசுவதில்லை. சவரிமேரி அதைத் துண்டில் சுற்றிக்கொண்டுபோய் ஆற்றில் விட்டாள். ஒருக்களித்துத்தான் நீந்தியது. ஆனால் நீந்தியது.

மறுநாள் இருவரும் சிதம்பரம் பஸ் ஏறினார்கள். புதுச்சத்திரத்தில் பஸ் நின்றபோது அவர் இருக்கையை விட்டு எழப் பார்த்தார்.

"பயமாத்தான் இருக்குது மேரி."

"இருக்கட்டும். எறங்கிடாத."

டாக்டர் வெண்மதி நெஞ்சைப் பிளந்து, இதயத்தை நிறுத்தி, வால்வை மாற்றி, மறுபடி ஓடவிட்டார். வெளியே வந்து, உள்ளே ஒரு கைப்பிடி உப்பு இருந்தது என்று சவரிமேரியிடம் சொன்னார். "கடலூர்க்காரங்களுக்கு இருக்கும்ங்க டாக்டர்" என்றாள் அவள்.

இப்போது சாவு வீடுகளில் அடைக்கலராஜ் அதிகம் பேசுவதில்லை. "சாவு பயந்தான். எனக்கும் பயம். ஆண்டவரு எந்திரிச்சாரு, நம்மளயும் எழுப்பிவுடுவாரு" என்று சொல்லிவிட்டு, அழுகிறவர்களோடு கடைசிவரை உட்கார்ந்திருக்கிறார். முன்புக்கு இது பரவாயில்லை என்பது பங்கு மக்களின் அபிப்பிராயம்.

ஈஸ்டர் விடியலில் புருஷனும் பெண்டாட்டியும் கூடையோடு நேரே ஆற்றங்கரைக்கே போய்விடுகிறார்கள். வீடு ஈரமாகாமல் தப்பிக்கிறது. போன வருஷம் மீனெல்லாம் துள்ளிப் போனபின், அடைக்கலராஜ் வேட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

"வா மேரி, கறிக்கடையில கூட்டம் சேந்துடும்."

"இரு. ஒரு வாள மீனு இன்னும் எந்திரிக்கல."

மறுபடி உட்கார்ந்தார். அது எழுந்து போனபோது கறிக்கடையில் எலும்புதான் மீதி இருந்தது.