பெயராக வைக்கக் கூடாத சொல்

உஜ்ஜயினியில் நாங்கள் மூன்று பேர் பள்ளிப் பிள்ளைகளுக்காக ஒரு கணினி மொழி செய்தோம். கட்டளைகள் எல்லாம் இந்தியில். வேலை முடிகிற இடத்துக்கு 'அந்திம்' என்ற சொல்லை நான்தான் ஒதுக்கினேன். கடைசி என்று பொருள். ஒதுக்கிய சொல்லைப் பிள்ளைகள் வேறெதற்கும் பெயராக வைக்க முடியாது.

பிழை பார்க்கும் வேலைக்கு மந்த்சௌர் பக்கத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். முதல் பாடத்தில் சொந்தப் பெயரைத் தட்ட வேண்டும். தட்டினாள். 'இந்தச் சொல்லைப் பெயராக வைக்கக் கூடாது' என்று திரையில் வந்தது. அவள் பெயரே அந்திம். விண்ணப்பத்தில் பார்த்தபோதுகூட எனக்கு உறைக்கவில்லை.

பெயர் வைக்கும் விதிகளையும் நான் எழுதியிருந்தேன். ஒன்று எதற்காக இருக்கிறது என்பதை அதன் பெயரே சொல்ல வேண்டும் என்பது முதல் விதி. அதைப் படித்துவிட்டுச் சிரித்தாள்.

"எங்கப்பா இந்த விதிப்படிதான் வச்சிருக்காரு, லோகேந்திரஜீ. நாலாவது பொண்ணு. இதோட போதும்னு வச்ச பேரு."

அவளுக்குப் பின் ஒரு தம்பி பிறந்து பதினோரு நாளில் இறந்துபோனானாம். அதன் பிறகு அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லையாம். சொல்லை மாற்றிவிடுகிறேன் என்றேன். அறுபது பாடங்கள் பள்ளிகளுக்குப் போய்விட்டன, தன் ஒருத்திக்காக வேண்டாம் என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

இரண்டு மாதம் கழித்துப் பள்ளிகளிலிருந்து பிழைப் பட்டியல் வந்தது. பெயர் கேட்ட இடத்தில் ஒன்பது பள்ளிகளில் சிறுமிகள் அதே சொல்லைத் தங்கள் பெயராகத் தட்டியிருந்தார்கள். நீமச் பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு சிறுமி எட்டு முறை தட்டிப் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்திருந்தாள்.

பட்டியலை அந்திம் வரி விடாமல் படித்தாள்.

"இப்ப மாத்தணும்," என்றாள்.

'நில்' என்று பொருள்படும் 'ருக்கோ' என்ற சொல்லை வைத்தோம். அறுபது பாடங்களையும் பதினேழு நாளில் அவளே திருத்தினாள். எட்டுப் பள்ளிகளிலிருந்து அந்தப் பெயர் பிழையில்லாமல் வந்து சேர்ந்தது. நீமச்சிலிருந்து வரவில்லை. ஆசிரியரைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கு வருவதில்லை என்றார். வீடு எங்கே என்று மட்டும் கேட்டு எழுதிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பேருந்து ஏறிப் போனாள். வீடு பூட்டியிருந்தது. குடும்பத்தோடு குஜராத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டதாக அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை.

திங்கட்கிழமை வந்து இதையெல்லாம் என்னிடம் சொன்னாள். பிறகு அடுத்த பாடத்தைத் திறந்து பிழை பார்க்கத் தொடங்கினாள்.