கால எடுத்துடாதீங்க

"பெடல மிதிங்க. கேள்வியெல்லாம் அப்புறம்."

கழற்றிய முன்சக்கரம் சுவரில் சாய்ந்து கிடக்க, அது இருந்த இடத்தில் அவள் மண்டியிட்டிருந்தாள். வலது கட்டைவிரல் பிரேக் ஹோஸின் வாயை அடைத்திருந்தது. அடைத்தும் அடங்காமல் விரலிடுக்கில் கசிந்து, மணிக்கட்டைத் தாண்டி, முழங்கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது பிரேக் ஆயில்.

வாசலோரம் உட்கார்ந்து பழைய நட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்த கணவன் நிமிர்ந்தான்.

"நானா?"

"இல்ல, பக்கத்து வெல்டிங் கடைக்காரர். கூப்பிட்டுப் பாருங்க, வர்றாரான்னு."

நடந்தது இதுதான். நர்ஸம்மாவின் காரில் ஒரு பக்கம் சக்கரத்தைக் கவ்வி நிறுத்தும் காலிப்பர் துருப்பிடித்து இறுகிவிட்டது. அதைக் கழற்றினால் ஹோஸின் வாய் திறந்துகொள்ளும். மேலே டப்பாவிலிருக்கும் ஆயில் முழுக்க அந்த வழியாகக் கீழே வந்துவிடும். வராமலிருக்க ஒரு வழி உண்டு. பெடலைக் கொஞ்சம் அமுக்கி, அது எழும்பாதபடி சீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு குச்சியை முட்டுக் கொடுக்க வேண்டும். டப்பாவின் அடித்துளை அடைபட்டு, ஆயில் அங்கேயே நின்றுவிடும். இந்தப் பட்டறையில் பதினொரு வருஷமாக ஒரு வெட்டிய துடைப்பக் கட்டைதான் அந்த வேலையைச் செய்து வந்தது.

கட்டை இன்றைக்கும் ஒழுங்காகத்தான் நின்றது. சீட் காலை வாரிவிட்டது. அதன் லாக் தேய்ந்திருப்பதை அவள் பார்க்கவில்லை. காலிப்பரைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுத் திரும்புகிறாள், சீட் சர்ரென்று பின்னால் போனது. டொக். கட்டை விழுந்தது. பெடல் எழும்பியது. ஆயில் கொட்டியது.

ஹோஸை அடைக்கும் போல்ட்டும் ரப்பரும் எதிர்ச்சுவர் அலமாரியில், தகர டின்னுக்குள். பத்தடி தூரம். விரலை எடுத்தால் டப்பா காலி. டப்பா காலியானால் பிரேக்கைக் கட்டுப்படுத்தும் ஏபிஎஸ் பெட்டிக்குள் காற்று. அந்தக் காற்றை வெளியேற்றக் கம்ப்யூட்டர் வைத்திருக்கும் பெரிய ஒர்க்ஷாப்புக்குக் காரை இழுத்துக்கொண்டுதான் போக வேண்டும். நர்ஸம்மாவோ வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்ப்பவர். இரண்டு மணிக்குக் கார் வேண்டும். குழந்தைகள் தேதி தள்ளிப்போட மாட்டார்கள்.

"நான் போய் டின்ன எடுத்துட்டு வரட்டுமா?"

"நீங்க போய் வர்றதுக்குள்ள டப்பா வறண்டுடும். எனக்கு உங்க கால்தான் வேணும். வலது கால்."

அவன் தன் வலது காலைக் குனிந்து பார்த்தான். ஏழு மாதமாக அந்த வீட்டில் யாரும் அந்தக் காலிடம் எதுவும் கேட்டதில்லை.

இருபத்திரண்டு வருஷம் வண்டி ஓட்டியவன். டாக்ஸி ஸ்டாண்டில் எல்லோருக்கும் அவன் 'பைலட்'. அவள் ரிப்பேர் செய்த பிரேக்கெல்லாம் அவன் மிதித்துப் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் வெளியே போகும். "பஞ்சா இருக்கு, இன்னும் காத்து இருக்கு" என்பான். திரும்பச் செய்வாள். "இப்பக் கல்லு. தாராளமா அனுப்பு" என்பான். பட்டறையில் இருந்த கருவிகளிலேயே துல்லியமானது அவனுடைய உள்ளங்கால்தான்.

பிறகு ஒரு காலைநேரத்தில், பல் துலக்கிக்கொண்டிருந்தவனை வாதம் வந்து தள்ளியது. பேச்சு திரும்பியது, அதற்கும் முன்னால் கிண்டல் திரும்பியது. கை திரும்பியது. காலில் பலமும் திரும்பியது. உள்ளங்காலில் உணர்ச்சி மட்டும் வரவில்லை.

"எத மிதிக்கிறோம்னு தெரியாத கால் வண்டி ஓட்டக் கூடாதுங்க" என்றார் டாக்டர். மாதா மாதம் கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் தொட்டு, பஞ்சா ஊசியா என்று கேட்பார். போன மாதம் பத்துக்கு ஐந்து சரி. "காசு சுண்டிப் போட்டாக்கூட அவ்வளவு வரும் டாக்டர்" என்று சிரித்தவன், அன்று வீடு வரை பாதத்தைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தான். இப்போதெல்லாம் எந்த வண்டியிலும் பின்சீட்டில்தான் உட்காருவான்.

வந்தான். காலை இழுத்து இழுத்து வந்தான். தலையைக் குனிந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தான். சீட் நழுவாமலிருக்க இடது கையால் ஸ்டீயரிங்கைப் பற்றிக்கொண்டான். வலது கையால் வலது காலைத் தூக்கிப் பெடல்மேல் வைத்தான். பொருளை அலமாரியில் வைப்பதுபோல.

"வெச்சாச்சா?"

குனிந்து பார்த்தான். "வெச்சிருக்கேன்னு கண்ணு சொல்லுது."

"ரெண்டு விரக்கடை அமுக்குங்க. போதும். அப்படியே நில்லுங்க."

விரலை மெல்ல எடுத்தாள். ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழலாமா என்று யோசித்தது. விழவில்லை.

ஓடினாள். டின்னோடு திரும்பினாள். ஹோஸின் வாய்த் துளையில் போல்ட்டை நுழைத்து, இரண்டு பக்கமும் ரப்பர் வைத்து, நட்டை இறுக்கினாள். கடிகாரத்தில் மணி பன்னிரண்டு இருபது. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று.

இனி அவன் காலை எடுக்கலாம்.

"என்னங்க..." என்று எழுந்தாள்.

"பேச்சுக் கொடுக்காத. கவனம் சிதறும்."

ஜன்னல் வழியே அவன் முகம் தெரிந்தது. நெற்றியில் வேர்வை. உதட்டைக் கடித்திருந்தான். மலைப்பாதையில் எதிரே லாரி வரும்போது மட்டும் அவனிடம் பார்த்திருக்கிறாள் அந்த முகத்தை. ஏழு மாதமாக அதைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "கால எடுத்துடாதீங்க."

சொன்ன பிறகுதான் பயம் பிடித்தது. கால் நடுங்கி நழுவிவிட்டால், தன்னால்தான் கெட்டது என்று நினைத்துக்கொள்வான். இனி டிரைவர் சீட் பக்கமே வரமாட்டான். பொய் தெரிந்துவிட்டால் அதைவிட மோசம். குழந்தை கையில் பொம்மை ஸ்டீயரிங்கைக் கொடுத்து உட்கார வைத்ததுபோல் ஆகிவிடும். இரண்டில் ஒன்று நடப்பதற்குள் காலிப்பரை மாட்டிவிட வேண்டும்.

மேஜைக்குப் போனாள். காலிப்பருக்குள் இறுகியிருந்த பிஸ்டனைச் சுற்றித் துருவைத் தேய்த்தாள். தேய்ப்பதும், ஓரக்கண்ணால் காரைப் பார்ப்பதுமாக நேரம் போயிற்று.

"ஏம்மா, ஒரு பிஸ்டனுக்கு இவ்வளவு நேரமா?"

"பிடிவாதமா உக்காந்திருக்கு. உங்கள மாதிரி."

"அப்ப அதட்டாத. தடவிக் கொடு, வரும்."

"வாய் மட்டும் குறையல."

பிஸ்டன் வந்தது. புது ரப்பர் வளையத்தை விரலால் அழுத்தி உட்கார வைத்தாள்.

"ஆயில் சொட்டுதா?" என்றான்.

"இல்ல."

"ஒரு சொட்டுகூட?"

"ஒரு சொட்டுகூட."

"நான் கால எடுத்தா?"

"குடி முழுகிடும்."

"அடேங்கப்பா" என்றான். "அப்ப முழுக விடக் கூடாது."

போன் அடித்தது. அவன் சட்டைப்பையில். எடுத்துக் காதில் வைத்தான்.

"சொல்லுங்க நர்ஸம்மா... ரெண்டு மணிக்கு ரெடி... நானா? நான் டிரைவர் சீட்லதான் உக்காந்திருக்கேன்."

அவள் கையில் பிஸ்டன் நழுவியது. அவன் முன்கண்ணாடிக்கு வெளியே தெருவைப் பார்த்தபடி பேசிக்கொண்டிருந்தான். "ரெட்டைக் குழந்தையா? அப்ப வரும்போது பின்சீட்ல எடம் வேணுமே" என்று சிரித்தான். காலைக் குனிந்து பார்க்கவே இல்லை. அவளுக்குத்தான் உயிர் போய் உயிர் வந்தது. பேசுகிற மும்முரத்தில் கால் நழுவிவிட்டால்?

நழுவவில்லை.

பன்னிரண்டு ஐம்பத்தைந்து. காலிப்பர் ஏறியது. போல்ட்டையும் ரப்பரையும் சத்தமில்லாமல் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, ஹோஸை மாட்டி முறுக்கினாள். உள்ளே புகுந்த கொஞ்சக் காற்றை வெளியேற்ற, "மிதிங்க, புடிங்க, விடுங்க" என்று நாலு தடவை சொன்னாள். சொன்னபடி செய்தான். டப்பாவைப் பார்த்தாள். கால்வாசிதான் குறைந்திருந்தது. ஊற்றி நிரப்பி மூடினாள்.

"ஆச்சு. இப்ப எடுக்கலாம்."

அவன் எடுக்கவில்லை.

"கேள்வியெல்லாம் அப்புறம்னியே. இப்பக் கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஹோஸ எப்பவோ அடைச்சுட்ட. எதுக்கு என்ன இவ்வளவு நேரம் உக்கார வெச்ச?"

கையிலிருந்த துணியால் ஏற்கெனவே துடைத்த விரல்களை மறுபடி துடைத்தாள். சிரித்து மழுப்பலாமா என்று பார்த்தாள், வரவில்லை.

"கண்ணாடில பாத்தீங்களா?"

"கண்ணாடிய நீதான மடக்கி வெச்சிருக்க."

ஆமாம். வேலைக்கு இடைஞ்சல் என்று அவள்தான் மடக்கியிருந்தாள். அந்த சீட்டில் உட்கார்ந்து சக்கரப் பக்கம் எதையும் பார்க்க முடியாது.

"அப்ப நட்டு முறுக்கற சத்தம் கேட்டுச்சா?"

"அந்த வெல்டிங் கடைச் சத்தத்துலயா?"

"பின்ன எப்படி?"

"மொதல்ல ஒண்ணும் புரியல. பெடல் தொளதொளன்னு இருந்துச்சு. நீ ஓடிப் போய்ட்டு வந்தல்ல, அதுக்கப்புறம் கல்லாயிடுச்சு. ஹோஸ் தொறந்திருந்தா கல்லாகுமா?"

ஆகாது. அடைத்த ஹோஸ் என்றால் பெடல் கல். பட்டறையில் நேற்றுச் சேர்ந்தவனுக்கும் தெரிந்த பாடம். இதை எப்படி யோசிக்காமல் போனோம் என்று தன்னையே நொந்துகொண்டாள்.

"தெரிஞ்சதும் எடுத்திருக்கலாம்ல. எதுக்குங்க அரை மணி நேரம் கஷ்டப்பட்டீங்க?"

"நெஜமா, என் நெனப்பான்னு சந்தேகம். போன்ல பேசிட்டே பாத்தேன். தெருவப் பாத்துட்டே பாத்தேன். கல்லாத்தான் இருந்துச்சு."

"அதெப்படிங்க, குனிஞ்சுகூடப் பாக்காம கல்லுன்னு..."

பாதியில் நின்றாள். துணி கீழே விழுந்தது.

அவன் மெல்லக் காலைத் தூக்கினான், கை கொடுக்காமல். அதே பெடலில் திரும்ப வைத்தான், குனிந்து பார்க்காமல்.

"இந்தத் தடவ கண்ணு சொல்லலம்மா" என்றான். "கால் சொல்லுச்சு."