டாக்டர் லுசார்தியின் தெரு

லுசார்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். இருபத்தோரு வருடமாக எனக்கு வேறு வேண்டுதலே கிடையாது.

என் தம்பி ஃபாபியானை எழுபத்தேழில் கல்லூரி வாசலிலேயே ராணுவம் தூக்கிக்கொண்டு போனது. அவனுக்குப் பத்தொன்பது வயது. அவனை அடைத்து வைத்திருந்த சித்திரவதைக் கொட்டடியிலிருந்து உயிரோடு மீண்ட இரண்டு பேர் பிறகு வந்து சொன்னார்கள். ஆளைக் கட்டிப்போட்டு வதைக்கிற கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் நிற்பாராம். "இன்னும் தாங்குவான், நடத்துங்க" என்று அவர்தான் சொல்வாராம். பெயர் லுசார்தி. ராணுவ ஆட்சி போனது, வழக்கு வந்தது, அந்த வழக்கை மூட ஒரு சட்டமும் வந்தது. என் தம்பியின் எலும்பு எங்கே என்று தெரியாது. இந்த லுசார்தியோ எங்கள் ரொசாரியோ நகரத்திலேயே மாடி வீடு கட்டிக்கொண்டு, ஞாயிறு பூசைக்கு முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான்!

கோர்ட்டு கைவிட்ட பிறகு, என்னைப் போல் பறிகொடுத்தவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து தெருவில் இறங்கினோம். முதலில் வீட்டைக் கண்டுபிடிப்போம். ஒரு மாதம் அந்த வட்டாரத்தில் கதவு கதவாகத் தட்டி, ஆள் போட்டோவைக் கொடுத்து, செய்ததைச் சொல்லி, வரப்போகும் தேதியையும் சொல்லிவிடுவோம். அந்த நாளில் மேளம் கொட்டிக்கொண்டு போய், சுவரில் சிவப்புச் சாயத்தை வீசிவிட்டுத் திரும்புவோம். ஆள்மேல் கை வைக்கக் கூடாது. குழுவை நடத்துகிற மாலேனா இதை என்னிடம் மட்டும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். அப்பா அம்மா இருவரையும் அதே வருடம் பறிகொடுத்த பெண் அவள்.

"நெலிதாக்கா, ஒரு கல்லு பறந்தாலும் மறுநாள் பேப்பர்ல நாமதான் ரவுடி. கையை அடக்கிக்குங்க."

"கை சும்மா இருக்கும்டி. வாய்க்கு நான் பொறுப்பில்ல."

லுசார்தி வீட்டுக்கு எதிரே ஒரு ரொட்டிக்கடை. கடைக்காரி டெல்ஃபீனா நான் கொடுத்த நோட்டீஸைக் கசக்கி என் காலடியிலேயே போட்டாள்.

"எவ வயித்தெரிச்சல்ல கெளப்பின கதை இது? என் பையனுக்கு மூச்சுத் திணறினப்போ கொட்டுற மழையில ஓடி வந்தவரு எங்க டாக்டரு. கொட்டடியாவது, கத்திரிக்காயாவது! அந்த வருஷமெல்லாம் அவரு இந்த ஊர்லயே இல்ல. தெக்க ஏதோ கிராமத்து ஆஸ்பத்திரியில இருந்தாரு."

"யாரு சொன்னா?"

"அவரேதான்."

"அடேங்கப்பா! அவரே சொல்லிட்டாரா? அப்பச் சரி."

ஊர்வலத்துக்கு முந்தின நாள் மத்தியானம் லுசார்தியே கேட்டைத் திறந்து, தெருவில் நோட்டீஸ் கொடுத்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டான்.

"நீங்கதானே அந்தப் பையனோட அக்கா? உள்ள வாங்க."

போனேன். நரைத்த தலை, இஸ்திரி போட்ட சட்டை, யாரோ வீட்டுத் தாத்தா மாதிரி இருந்தான், பாவி. டீ மாதிரி நாங்கள் குடிக்கிற மாத்தே இலையைக் குடுவையில் போட்டு வெந்நீர் ஊற்றினான். முதல் முறை தானே குழல் வைத்து உறிஞ்சிக் குடித்துவிட்டு, மறுபடி ஊற்றி, அதே குழலோடு என்னிடம் நீட்டினான். சொந்தக்காரர்களும் சிநேகிதர்களும்தான் அப்படி ஒரே குழலில் குடிப்போம். நான் கையை நீட்டவில்லை. குடுவையை மேஜையில் வைத்தான்.

"நாளைக்கு ஊர்வலத்தை நிறுத்துங்க. உங்க தம்பி எங்க இருக்கான்னு சொல்றேன். எடத்தையே காட்டுறேன். நமக்குள்ளயே இருக்கட்டும்."

அம்மா இதைக் கேட்டுக் கேட்டுத்தான் செத்துப்போனாள். 'சொல்லுடா' என்று அவன் காலிலேயே விழுந்திருப்பேன், சத்தியமாக. மாலேனாவின் ஞாபகம்தான் தடுத்தது.

"அங்க இன்னும் எத்தனை பேரைப் புதைச்சிருக்கு?"

"மத்தவங்க உங்களுக்கு எதுக்கு? நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள முடிவு சொல்லுங்க."

நேராக மாலேனாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது. அவளுடைய அப்பா அம்மாவும் அதே குழியில் இருக்கலாம்.

"ஒரு வார்த்தை சொல்லுங்கக்கா, நிறுத்திடறேன்," என்றாள். சொல்லும்போதே கண்ணீர் வழிந்தது. நெஞ்சாரச் சொன்னாள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. இவளை அழவிட்டு நான் மட்டும் எலும்பை வாங்கிக்கொண்டு போவதா? ஊரையே கூறுபோட்டு விற்கிற அந்தக் கசாப்புக்காரனிடமா?

பத்து மணி போனது. பதினொன்றுக்கு முன்னூறு பேரோடு அவன் வாசலில் நின்றோம். எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. நான் ஒலிபெருக்கியை வாங்கினேன்.

"நேத்து இந்த வீட்டுக்குள்ள இவன் என்கிட்ட பேரம் பேசினான்! ஊர்வலத்தை நிறுத்தினா என் தம்பியைப் புதைச்ச எடத்தைக் காட்டுறானாம். ஏண்டா, தெக்க ஆஸ்பத்திரியில ஊசி போட்டுட்டிருந்தவனுக்கு என் தம்பி குழி எப்படிடா தெரியும்?"

கொட்டுச் சத்தம் நின்றது. கடை வாசலிலிருந்து டெல்ஃபீனா மாவுக் கையோடு விறுவிறுவென்று வந்தாள். என்னை அறையத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் கேட்டைத் தட்டினாள்.

"டாக்டர்! இவ சொல்றது பொய்னு வெளிய வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இவ வாயைக் கிழிச்சுடறேன்."

மாடி ஜன்னல் ஒரு விரல்கடை திறந்தது. எல்லோரும் பார்த்தோம். திரும்ப மூடிக்கொண்டது. டெல்ஃபீனா தலையை நிமிர்த்தி அந்த ஜன்னலையே பார்த்தாள்.

"இவ தம்பி எங்க, டாக்டர்?" என்று கேட்டாள்.

அப்புறம்தான் சாயத்தை வீசினோம்.

இரண்டு நாளில் எல்லாரும் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது, செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்தான். அவன் வருவதைப் பார்ப்பதற்கென்றே நான் இரண்டு நாளும் வேலைக்கு லீவு போட்டு அங்கே நின்றிருந்தேன். டெல்ஃபீனா ரொட்டியை எடுக்கவில்லை. "அந்தப் பையன் எங்க?" என்றாள். மருந்துக்கடைக்காரர் சீட்டை வாங்காமலே அதையே கேட்டார். முடிவெட்டுகிறவர் போர்வைத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்று கேட்டார். ஒருத்தரும் கை ஓங்கவில்லை. இப்போது அவன் பஸ் பிடித்து ஊரின் மறுகோடிக்குப் போகிறான். அங்கேயும் நோட்டீஸ் கொடுத்துவிட்டோம். எனக்கு மனசு குளிர்ந்துபோயிற்று, ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அவன் வாயைத் திறக்காமலே செத்துவிடலாம். தெரிந்துதான் செய்தேன். சில நாள் ஃபாபியானின் போட்டோ முன்னால் உட்கார்ந்து, "கையில கெடைச்சதை விட்டுட்டேனேடா" என்று தலையில் அடித்துக்கொண்டு அழுகிறேன். அவன் பத்தொன்பது வயதுச் சிரிப்போடு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.