சபெதாயின் ஆமென்

டான்யூப் ஆற்றங்கரையிலுள்ள எங்கள் ஊர்த் தொழுகைக்கூடத்தில் பத்து ஆண்கள் சேராமல் இறந்தவருக்கான பிரார்த்தனையைச் சொல்ல முடியாது. யூதர்களான நாங்கள் மனிதர்களை ஒன்று, இரண்டு என்று எண்ணவும் மாட்டோம்; கண் பட்டுவிடும். பத்துச் சொல் கொண்ட ஒரு வாழ்த்தைச் சொல்லி, ஆளுக்கொரு சொல்லாகத் தலைவர் பெரெட்ஸ் கைகாட்டிக்கொண்டே போவார். கடைசிச் சொல்லுக்கு ‘என்றென்றும்’ என்று பொருள். அது எப்போதும் கணப்படுப்பு ஓரத்து நாற்காலியில் உட்காரும் என் நண்பன் சபெதாய்க்குத்தான் விழும்.

அவனைப் புதைத்த வாரமும் பெரெட்ஸின் விரல் பழக்கதோஷத்தில் அந்த நாற்காலியில் போய் நின்றது. யாரும் திருத்தவில்லை. திருத்தினால் மிச்சமிருந்த ஒன்பது பேரும் பேசாமல் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பிறகு யார் வந்து கூடத்தின் கதவைத் திறப்பார்கள்? பயம்தான் எங்களுக்கு. ஒரு வருடம் இப்படியே ஓட்டினோம். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த மூலையிலிருந்து அவனுடைய பழைய இருமல் கலந்த ஓர் ஆமென் வந்துகொண்டிருந்தது. கேட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. கேட்கவில்லை என்றும் சொல்லவில்லை.

அவனுடைய நினைவுநாளுக்கு மகள் ரெய்னா தலைநகர் சோஃபியாவிலிருந்து வந்தாள். பெரெட்ஸின் விரல் காலி நாற்காலியில் நின்றதுமே வெடித்தாள்.

“எங்கப்பாவுக்குச் சொல்ற பிரார்த்தனைக்கு எங்கப்பாவே பத்தாவது ஆளா, மாமா? நான் இருக்கேன்ல, என்னைச் சேத்துக்க வேண்டியதுதானே?”

“பொம்பளைங்களச் சேக்கறது வழக்கமில்லம்மா.”

“செத்தவங்களச் சேக்கறது மட்டும் எப்பலேர்ந்து வழக்கம்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவள் விறுவிறுவென்று போய் அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பெரெட்ஸ் எங்கள் முகங்களைப் பார்த்தார்.

“அவ கேக்கறதுல என்னய்யா தப்பு? ஆரம்பி,” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் முதலிலிருந்து தொடங்கினார். கடைசிச் சொல்லுக்கு விரல் நாற்காலிப் பக்கம் திரும்பியது. அவளிடம்தான் நின்றது.

ரெய்னா எழுந்து பிரார்த்தனையைச் சொன்னாள். நாங்கள் ஆமென் என்றோம். அந்த இருமலுக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தேன். வரவில்லை. என்னைப் பொறுத்தவரை சபெதாய் அன்றைக்குத்தான் செத்தான். குலுங்கிக் குலுங்கி அழுதேன்.

வாசலில் பெரெட்ஸ் தயங்கித் தயங்கிக் கேட்டார். “அடுத்த வாரமும் வருவியாம்மா?”

“வரேன் மாமா.” எங்கள் நரைத்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். “நீங்க எல்லாரும் இருப்பீங்கல்ல?”

பதில் சொல்ல வாயெடுத்தேன். இருமல்தான் வந்தது.